சிவப்பு மூடி, வெள்ளை மூடி

இன்னும் பத்து நாளில் மாலையும் கழுத்துமாக நிற்கப் போகிற என் மகனுக்கு,

இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை, கவனித்தாயா? வீட்டில் கோந்து தீர்ந்துவிடவில்லை. உன் அப்பா படிக்கட்டும், வேலூரிலிருந்து வரும் உன் அக்கா படிக்கட்டும், சம்பந்தி வீட்டில் படிக்கட்டும். எதிர்வீட்டுக் காமாட்சி எப்படியும் படிக்கத்தான் போகிறாள். நான் செய்த காரியம் ஒருத்தருக்கும் தெரியாமல் செய்தது. அதற்காகச் சொன்ன பொய் மட்டும் நாற்பது பேர் நடுவில் சொன்னது. ஆகவே அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதும் நாலு பேர் பார்க்கவே நடக்கட்டும். முதலில் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பிவிடலாம் என்றுதான் பார்த்தேன். மூன்று தடவை பேசினேன். மூன்று தடவையும் ரெண்டாவது நிமிஷத்தில் தைரியம் போய், ரசப்பொடிக்கு எவ்வளவு மிளகு என்ற பேச்சுக்குத் தாவிவிட்டேன். நாலாவது தடவை விரல் தவறி எங்கள் சமையல்காரப் பெண்கள் குழுவுக்கே போய்விட்டது. நல்லவேளை, அதிலும் மிளகைத் தாண்டவில்லை. "அளவு சொன்னதுக்கு நன்றி அக்கா" என்று ஆறு பேர் கும்பிடு போட்டிருந்தார்கள்.

நான் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உறை திறந்திருக்கிறதே, மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே ரெண்டாவது தெருவில், பௌர்ணமிக்குப் பௌர்ணமி அன்னதானத்துக்குச் சமைத்துக் கொடுக்கிறவள் நான். சமைப்பதோடு நிற்க மாட்டேன், பரிமாறுகிற இடத்திலும் போய் இடுப்பில் கைவைத்து நிற்பேன். முதல் தட்டில் என்ன விழுந்ததோ அதுதான் கடைசித் தட்டிலும் விழவேண்டும், அவ்வளவுதான் என் சட்டம். கூட்டம் ஜாஸ்தியாகிப் பொங்கல் கம்மியாகிவிட்டால் அண்டாவில் வெந்நீர் ஊற்றிக் கிளறி எல்லாருக்கும் நீர்த்த பொங்கலாகவே போடுவேன். ஒருத்தருக்குக் கெட்டி, ஒருத்தருக்குத் தண்ணி என்று போட என் கைக்கு வராது. ஊரில் இதற்காக எனக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. அந்த நல்ல பெயர்தான் உன்னைக் கவிழ்த்தது.

முதலில் ஒரு பழைய கதை. உனக்கு ஆறு வயசு, உன் அக்காவுக்கு எட்டு. உனக்குத் தொண்டை வீங்கிக் காய்ச்சல். டாக்டர் ஐந்து நாளைக்கு ஒரு இளஞ்சிவப்பு மருந்து எழுதிக் கொடுத்தார், வாழைப்பழ வாசனை வரும் தித்திப்பு மருந்து. உன் அக்கா பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அவனுக்கு மட்டும் தர்றே, எனக்கு இல்லியா?" என்று உதட்டைப் பிதுக்கினாள். எனக்கு மனசு கேட்கவில்லை. காய்ச்சல் உனக்கு, மருந்து ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி. மூன்றாம் நாள் பாட்டில் காலி, நாலாம் நாள் காய்ச்சல் இரட்டிப்பாக வந்து உட்கார்ந்துகொண்டது. டாக்டர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "ஏம்மா, மருந்த இன்னா பாயசம்னு நெனச்சிக்கினியா, ஆளுக்கொரு கரண்டி ஊத்தறதுக்கு?" என்றார். வீட்டுக்கு வரும்வரை உன் அப்பா ஆட்டோவை ஓட்டிக்கொண்டே முதுகு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சிரிக்காமல் கற்றுக்கொண்டிருந்தால் இந்தக் கடிதம் ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் நீ மீன்வளப் படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருந்தாய். ஒரு சனிக்கிழமை உன் அப்பாவின் ஆட்டோ நிறைய இரும்பு வளையங்களும் நீலத் தார்ப்பாய்களும் வந்து இறங்கின. கல்லூரியில் தொட்டிக்கு இடமில்லை, வீட்டில் வைத்துக்கொள்ள உனக்கு வழிகாட்டும் மேடம் சம்மதித்துவிட்டார் என்றாய். நான் துணி காயப்போடும் பின்புறம் அத்தோடு போயிற்று. நாலு தொட்டி, தொட்டி நிறையத் தண்ணீர், தண்ணீருக்குள் விரல் நீள ஜிலேபி மீன் குஞ்சுகள், அவற்றுக்கு மூச்சு விட ஒரு சின்ன காற்று மோட்டார். ஈரச் சட்டையோடு உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுத்தாய். பண்ணையில் மீன்கள் நெருக்கியடித்து வளர்கின்றன, ஒன்றுக்கு நோய் வந்தால் எல்லாவற்றுக்கும் வந்துவிடுகிறது. அதற்குப் பயந்து ஆட்கள் தீவனத்தில் ஆன்டிபயாடிக்கைக் கொட்டுகிறார்கள், கிருமியும் அதற்குப் பழகிப்போய் இன்னும் கொழுக்கிறது. அதற்குப் பதிலாக நெல்லிக்காய், கடுக்காய், தான்றிக்காய் மூன்றின் சாற்றையும் தீவனத்தில் ஏற்றிக் கொடுத்தால், நோயைத் தாங்கும் தெம்பு மீனுக்கே வந்துவிடுமா? அதுதான் உன் கேள்வி. அதைச் சொல்லும்போது உன் முகம் இருந்த இருப்பை நான் மறக்கவில்லை. உன் கல்யாணப் பேச்சு முடிவானபோதுகூட அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. மணப்பெண் வனிதா கோபித்துக்கொள்ளக் கூடாது.

காய் வாங்க டவுனுக்குப் போனது நான்தான். நாட்டு மருந்துக்கடை பாய் கடுக்காயை நிறுத்துக்கொண்டே, "இம்மாம் கடுக்கா யாருக்கும்மா?" என்றார். "மீனுக்கு பாய்" என்றேன். தராசைக் கீழே வைத்துவிட்டார். "மீனுக்கு இன்னாம்மா மலச்சிக்கல்?" அன்றிலிருந்து இன்றுவரை அவர் கடைக்குப் போனால் "மீன் சௌக்கியமா?" என்றுதான் கேட்கிறார், என்னைக் கேட்பதில்லை. நீ காயை இடித்து, கொதிக்க வைத்து, வற்றக் காய்ச்சி, வடிகட்டி, அந்தக் கஷாயத்தைத் தீவனத்தின்மேல் தெளிப்பாய். தண்ணீரில் கரைந்து போகாமலிருக்க முட்டையின் வெள்ளைக் கருவைப் பிசறுவாய். பிறகு நிழலில் உலர்த்துவாய். தெருவே மணக்கும். காமாட்சி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "மலை சுத்தறவங்க நடக்கிற எடத்துல மீன் வளக்கறீங்களே, பாவமில்லியா?" என்றாள். சாயங்காலமே அவள் வீட்டுக்காரர் வேலி ஓரமாக வந்து, பெரிசானதும் ரெண்டு கிலோ சொல்லிவைக்க முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாவை உன் அப்பா சவாரி கூட்டி வந்தாரே, ஞாபகமிருக்கிறதா? வாசனையில் மயங்கி ஒரு டம்ளர் கஷாயம் கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஞானம் வந்துவிட்டதாக்கும் என்று நான் கையெடுத்துக் கும்பிடப் போனேன். கண்ணைத் திறந்து கழிவறை எங்கே என்றார்.

சிரிக்க வைத்து மெதுவாக விஷயத்துக்கு வரலாம் என்று பார்க்கிறேன் போலிருக்கிறது. வருகிறேன்.

வாரத்தில் ஐந்து நாள் உனக்குக் கல்லூரி. தீவனம் போடுவது என் பொறுப்பு. சனி ஞாயிறு வந்து ஒரு வாரத் தீவனத்தைத் தயார் செய்து ரெண்டு டப்பாவில் வைத்துவிட்டுப் போவாய். சிவப்பு மூடி டப்பாவில் மருந்துத் தீவனம், அது ஒன்று, மூன்றாம் தொட்டிகளுக்கு. வெள்ளை மூடி டப்பாவில் வெறும் தீவனம், அது ரெண்டு, நாலாம் தொட்டிகளுக்கு. வெறும் தீவனத்திலும் அதே மாதிரி முட்டை பிசறி, சாறு மட்டும் சேர்க்காமல் வைத்திருப்பாய். மற்றதெல்லாம் ஒரே மாதிரி இருந்தால்தான் மருந்து செய்த வேலை தனியாகத் தெரியும் என்பாய். சுவரில் ஒரு காகிதம் ஒட்டி, கீழே ரெண்டு கோடு இழுத்து, 'கலக்கக் கூடாது' என்று எழுதினாய். முதல் வாரம் ஒரு குறையும் வைக்காமல் செய்தேன். ரெண்டாம் வாரம் நீ வந்தபோது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "கடைசில இதுங்கள இன்னாடா பண்ணுவே?" என்று கேட்டேன்.

"அறுபதாம் நாளு காலேஜுக்கு எடுத்துட்டுப் போய் எல்லாத்துக்கும் நோய்க்கிருமி ஊசி போடுவோம்மா."

"எல்லாத்துக்குமா?"

"ஆமா. மருந்து தின்னது தாங்குதா பாப்போம். வெள்ளை மூடி மீனு பாதிக்கு மேல போயிடும்."

"போயிடுமா?"

"போகணும்மா. அது போய், இது பொழைச்சாத்தான் மருந்து வேலை செஞ்சிச்சுனு அர்த்தம்."

நீ அதைக் குழம்பில் உப்பு போதுமா என்பது போலச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டாய். மறுநாள் பௌர்ணமி. அன்றைக்குப் பரிமாற வந்த ஆள் ஒருத்தன், தெரிந்த முகமாகப் பார்த்து முதல் வரிசைக்கு மட்டும் வடையை வைத்துக்கொண்டு போனான். எல்லார் எதிரிலும் அவன் கையிலிருந்த தட்டைப் பிடுங்கி, "பசி இன்னா வரிசை பாத்தா வருது? ஒருத்தனுக்கு வெச்சு ஒருத்தனுக்கு வெக்காம போறியே, உனக்கு வெக்கமா இல்லே?" என்று கத்தினேன். நாலு பேர் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் காதில் இருக்கும்போதே வீட்டுக்கு வந்து தீவன டப்பாவை எடுத்தேன். நாலு தொட்டியிலும் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தன. ரெண்டாம் தொட்டியில் வாலில் கரும்புள்ளி வைத்த ஒன்று, எப்போதும் முதல் ஆளாக வரும். சாகவேண்டும் என்றே வளர்க்கிறோம், அது என்னைப் பார்த்து வாயைத் திறக்கிறது. காலையில் அவனைத் திட்டியவள் இப்போது நான் என்ன செய்கிறேன் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமையானால் மீன் வறுவலுக்கு எலுமிச்சம்பழம் தேடுகிற வாய்தான் இது. அந்த யோசனையெல்லாம் அப்போது வரவில்லை.

ரெண்டு டப்பாவையும் பொங்கல் அண்டாவில் கொட்டினேன். கரண்டியால் நன்றாகக் கலந்தேன். மறுபடியும் பாதிப் பாதியாக ரெண்டு டப்பாவிலும் நிரப்பி, சிவப்புக்குச் சிவப்பு, வெள்ளைக்கு வெள்ளை, மூடியை மட்டும் சரியாகப் போட்டேன். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் நீ தெருமுனை திரும்பியதும் இதுதான் என் வேலை. நீ கணக்காக நிறுத்து வைத்த மருந்து எந்த மீனுக்கும் முழுசாகப் போய்ச் சேரவில்லை, எந்த மீனுக்கும் போகாமலும் இல்லை. பொங்கலுக்கு வெந்நீர் ஊற்றுகிற அதே கை.

ஒரு சனிக்கிழமை நீ வெள்ளை மூடியைத் திறந்து மோந்து பார்த்தாய். "இதுல நெல்லிக்கா வாசனை வருதேம்மா" என்றாய். இப்போது சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிஷம் இருந்தது. "ஒரே கரண்டியப் போட்டு எடுத்திருப்பேண்டா" என்றேன். நீ என்ன செய்தாய் தெரியுமா? கோபித்திருந்தால் தப்பித்திருப்பேன். "என் தப்புதாம்மா, ரெண்டு கரண்டி குடுத்திருக்கணும்" என்று டவுனுக்குப் போய் ரெண்டு எவர்சில்வர் கரண்டி வாங்கி வந்து, ஒன்றின் காம்பில் சிவப்பு டேப்பும் ஒன்றில் வெள்ளை டேப்பும் சுற்றிக் கொடுத்தாய். நான் அந்த ரெண்டு கரண்டியையும் வாங்கிக்கொண்டேன். மறுநாள் சிவப்புக் கரண்டியால்தான் அண்டாவைக் கலக்கினேன்.

அறுபது நாள் முடிந்து, நீ மீன்களை எடுத்துப்போய், ஊசி போட்டு, பதினைந்து நாள் பார்த்துவிட்டுப் போன் செய்தாய். நான் கடுகு தாளித்துக்கொண்டிருந்தேன். "நாலு தொட்டியும் ஒண்ணுதாம்மா. எல்லாத்துலயும் ஏறக்குறைய ஒரே மாதிரி செத்துச்சு, ஒரே மாதிரி பொழைச்சிச்சு. மருந்து ஒண்ணுமே பண்ணல" என்றாய். மருந்து முழுசாகப் போயிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய மீன்களும் அதில் செத்திருக்கலாம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கரும்புள்ளியைக் காப்பாற்றுகிறேன் என்று எத்தனை மீனின் மருந்தைப் பிடுங்கினேனோ. கரும்புள்ளி பிழைத்ததா என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. "மேடம் கேட்டாங்கம்மா, தீவனம் போட்டதுல எதுனா கலப்பு ஆயிருக்குமானு" என்றாய். என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சத்தியமாக வந்துவிட்டது. அதற்குள் நீயே சொன்னாய்: "எங்க அம்மா கைல தப்பு வராது மேடம், ஊரே அவங்களப் பத்தி சொல்லும்னு சொன்னேன்." கடுகு கருகிப் புகைந்தது. "கடுகு தீயுதுடா, வெச்சிடறேன்" என்று வைத்துவிட்டேன்.

அதன்பின் நடந்தது உனக்கே தெரியும், ஆனால் நான் எங்கே நின்று பார்த்தேன் என்பது தெரியாது. மேற்கொண்டு ஆராய்ச்சி செய்யலாம், வந்து சேர் என்று கூப்பிட்டிருந்த மேடம், இதில் ஒன்றும் இல்லை என்று வேறு விஷயத்துக்குப் போய்விட்டார். நீ தார்ப்பாய்களைச் சுருட்டி மாடிப்படிக்கடியில் செருகினாய். வேலூரில் மீன் பண்ணைகளுக்கு மருந்து விற்கும் கம்பெனியில் சேர்ந்து, எந்த ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று படித்தாயோ அதையே பையில் போட்டுக்கொண்டு செங்கம், போளூர் என்று பைக்கில் சுற்ற ஆரம்பித்தாய். யாராவது நெல்லிக்காய் என்றால் சிரிப்பாய். அந்தச் சிரிப்பு என் அடுப்பில் வெந்தது. நீ சிரிக்கும்போதெல்லாம் நானும் கூடச் சிரித்தேன். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

இருந்தாலும் இப்படியே மறைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன், உன் நிச்சயதார்த்தம் வரைக்கும். தண்டராம்பட்டுப் பக்கம் உன் மாமனாருக்கு ஒரு மீன் குட்டை இருக்கிறதென்று தெரிந்தபோதே இந்தப் பேச்சு வரும் என்று பயந்தேன். நிச்சயம் முடிந்து அவர்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் அவர் ஆரம்பித்தார். போன மழைக்கு மீனெல்லாம் சிவப்புச் சிவப்பாகப் புண் வந்து மிதந்தது, நெல்லிக்காய் போட்டால் நல்லது என்று யாரோ சொன்னார்கள், வீட்டு மரத்துக் காயைப் பறித்து மாடியில் காயவைத்திருக்கிறேன் என்றார். "நீங்க படிச்சவரு மாப்ளே, போடலாமா?" என்று எவ்வளவு மரியாதையாகக் கேட்டார்! நீ அதே சிரிப்பைச் சிரித்தாய்.

"அதெல்லாம் வேலைக்கு ஆவாது மாமா. நானே அறுபது நாளு போட்டுப் பாத்துட்டேன். வேணும்னா எங்கம்மாவக் கேளுங்க, அவங்கதான் சாட்சி."

நாற்பது தலை என் பக்கம் திரும்பிற்று. என் வாய் நிறையக் கேசரி. நான் தலையை ஆட்டினேன். உன் மாமனார் உள்ளே பார்த்து, "மாடில காயறத எடுத்துக் கொட்டிடும்மா" என்று சம்பந்தி அம்மாவிடம் சொன்னார். எல்லாரும் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள், ஒருத்தியைத் தவிர. வனிதா எனக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவள், சொம்பைச் சாய்த்தபடி, மெல்லிய குரலில், "ரெண்டு தீவனத்தையும் தனித்தனியாத்தானே போட்டீங்க அத்தை?" என்று கேட்டாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை, தெரிந்துகொள்கிற குரல். நாலு வருஷத்தில் உன் மேடத்துக்கு அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். "பின்ன?" என்றேன், கொஞ்சம் அதட்டலாகவே. அவள் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். வரப் போகிற மருமகளிடம் நான் பேசிய முதல் வார்த்தை ஒரு பொய். கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பதில் இதுதான் வனிதா: தனித்தனியாகப் போடவில்லை. ஒரே அண்டாவில் கலந்தேன். அதட்டியதற்கு மன்னித்துவிடு.

இனிமேல்தான் மகனே புத்திமதி, பயப்படாதே, கொஞ்சம்தான். அந்தப் பெண் கேள்வி கேட்டால் எரிச்சல்படாதே. நம் வீட்டில் அது ரொம்ப நாளாகக் கம்மி. அவளுடைய டப்பாவில் என்ன எழுதியிருக்கிறாளோ அதைப் படி. பிரியத்தினால்தானே செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அவள் வேலையில் கையை விட்டுக் கலக்காதே. என் பிரியம் உன் ரெண்டு வருஷப் படிப்பைக் கலக்கியது போதும். தப்பு செய்துவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடு. அன்றைக்குத் தப்பு விரல் நீளம்தான் இருக்கும். தீனி போட்டு நாலு வருஷம் வளர்த்தால் எந்தத் தொட்டியும் கொள்ளாது. இன்னொன்று, உன்னைத் தப்பே செய்யாதவன் என்று யாராவது நம்பினால் அன்றைக்கு ஜாக்கிரதையாக இரு. நீ என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கத்திவிட்டு உண்மையைக் கக்கியிருப்பேன். என் வாயை அடைத்தது நீ வைத்த நம்பிக்கை. உன் மேல் பழியைப் போடவில்லை. அந்த நம்பிக்கை எனக்குச் சுகமாக இருந்தது, அதை விட மனசில்லை, அவ்வளவுதான் உண்மை.

நிச்சயம் முடிந்து வந்த மறுவாரம் நானும் உன் அப்பாவும் மாடிப்படிக்கடியிலிருந்து ரெண்டு தார்ப்பாயை இழுத்துப்போட்டோம். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை அவர் முதுகு குலுங்கவில்லை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, "குஞ்சு எங்க கெடைக்கும்?" என்று மட்டும் கேட்டார். ஆட்டோவிலேயே பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்து சேர்த்தார். பாய் கடையில் காய் வாங்கினேன். உன் காகிதம் இன்னும் சுவரில் இருக்கிறது, எழுத்து மங்கினாலும் அந்த ரெண்டு கோடு மங்கவில்லை. ரெண்டே தொட்டி, ரெண்டு டப்பா, ரெண்டு கரண்டி. அன்றைக்குப் போனில் "அங்க இன்னாம்மா சத்தம்?" என்று கேட்டாயே, மிக்ஸி என்றேனே, அது காற்று மோட்டார். அந்தப் பொய்யையும் இதில் சேர்த்துக்கொள்.

இன்றைக்கு ஐம்பத்திரண்டாம் நாள். தினமும் ரெண்டு வேளை, ஒரு தொட்டி மீனுக்கு மருந்தைப் போட்டு, பக்கத்துத் தொட்டி மீன் வாயைத் திறக்கும்போது வெறும் தீவனத்தைப் போட்டுவிட்டு வருகிறேன். முந்நூறு பேருக்குச் சமைத்துவிட்டு வந்தால்கூட இவ்வளவு களைப்பு எனக்கு வந்ததில்லை. ஒரு நோட்டுப் போட்டுத் தேதிவாரியாக எழுதுகிறேன். இருபத்தோராம் நாள் பௌர்ணமி. அன்னதானம் முடிந்து வந்து நின்றேன், கை தானாகச் சிவப்பு டப்பாவுக்குள் போய் ஒரு பிடி எடுத்து வெள்ளைத் தொட்டியில் போட்டுவிட்டது. ஒரு பிடிதான். விழுந்த சத்தத்தில் எனக்கே திடுக்கென்றது. அள்ளி எடுக்கப் பார்த்தேன், அதற்குள் தின்றுவிட்டன. அதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன். 'இருபத்தோராம் நாள், சாயங்காலம், ஒரு பிடி, தப்பு என்னுடையது.' அதனால் இந்தச் சோதனையே கெட்டுவிட்டதா, ஒரு பிடி பொறுக்குமா என்பது எனக்குத் தெரியாது. நீதான் சொல்ல வேண்டும். ரெண்டு தொட்டி போதாது, கிருமியும் ஊசியும் என் கையில் இல்லை என்பதும் தெரியும். உன் மேடத்துக்கு இந்தக் கடிதத்தைக் காட்டு. தலைகுனிய வேண்டியது நான், நீ நிமிர்ந்தே காட்டலாம்.

உன் மருந்து வேலை செய்யும் என்று நான் சொல்ல வரவில்லை. செய்யாமலும் போகலாம். அப்படியானால் அது உன் மருந்து தோற்றதாக இருக்கட்டும், என் கரண்டி தோற்கடித்ததாக இருக்க வேண்டாம். நீ கோபப்படு. பத்து நாள் பேசாமல் இரு, மணமேடையில் ஆசீர்வாதம் வாங்கக் குனியும்போது முகத்தைத் திருப்பிக்கொள், காமாட்சிக்குப் பேச ஏதாவது வேண்டுமே. ஆனால் முதல் வேலையாக உன் மாமனாருக்குப் போன் போட்டு, மாடியில் கொட்டச் சொன்ன நெல்லிக்காய் மிச்சம் இருந்தால் பத்திரமாக வைக்கச் சொல். இன்னும் தெரியாது, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல். படித்தவன் வாயில் அந்த வார்த்தை வந்தால் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

கல்யாணம் முடிந்து வனிதாவைக் கூட்டிக்கொண்டு வரும்போது நேரே பின்புறம் வாருங்கள். நோட்டு மோட்டார் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. திரும்ப நாலு தொட்டியும் போட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாயோ, தார்ப்பாயைச் சுருட்டித் தூர எறிவாயோ, அது உன் இஷ்டம், நான் அதில் கையை விட மாட்டேன். எது நடந்தாலும், யார் கேட்டாலும், எத்தனை பேர் நடுவில் கேட்டாலும், என்னைச் சாட்சிக்குக் கூப்பிடு. வருகிறேன். இந்தத் தடவை வாயில் கேசரி இருக்காது.

உன் அம்மா